பெரிய கிற்றாரும் சின்ன விரல்களும்

2010ஆம் ஆண்டு. முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், முகாமிலிருந்து திரும்பிய குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களில் வாழ்ந்த காலம். வயல்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்திருக்கவில்லை. வரம்புக்கு அப்பால் கால் வைக்க வேண்டாம் என்று சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். மண்வெட்டி பிடித்த கைகள் வேலையின்றிக் கிடந்தன.

அந்நாட்களில் ஞாயிறு பூசைக்கென ஒரு பாடற்குழுவை மீண்டும் தொடங்க நாம் முயன்றோம். நகரத்திலிருந்த நண்பர் ஒருவர் தமது பழைய கிற்றாரைத் தந்துதவினார். பெரியவர்கள் வாசிக்கும் முழு அளவுக் கிற்றார். அதில் ஆறு உருக்குத் தந்திகள். அதைக் கண்ட நாள் முதல் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "எனக்கும் பழக்குவீங்களோ பாதர்?" என்று கேட்டாள். நாமும் மகிழ்ச்சியோடு சம்மதித்தோம்.

நாம் கிற்றார் பழகியது குருமடத்தில், இளைஞனாக இருந்தபோது. எமக்கு எப்படிப் பழக்கினார்களோ, அப்படியே அவளுக்கும் பழக்கினோம். கிற்றாரை அவளது மடியில் வைத்தோம். முதல் நாளே 'சி' என்னும் கோட்டைக் காட்டினோம். (மூன்று நான்கு சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதையே கோட் என்கிறோம்.) அதற்கு மூன்று விரல்களை மூன்று வேறு இடங்களில் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அவளது விரல்கள் எட்டவில்லை. எட்டிய விரலுக்குத் தந்தியை அழுத்தப் பலம் போதவில்லை. விரல் நுனிகள் சிவந்து போயின. "பழகப் பழகச் சரியாகும்" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டு கிழமை வந்தாள். மூன்றாம் கிழமை அவளைக் காணவில்லை. கொட்டிலுக்குப் போய் விசாரித்தபோது தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "விரல் நோகுதாம் பாதர். தனக்கு இது வராதாம்."

விரல் நோ சில நாட்களில் மாறிவிடும். "எனக்கு வராது" என்ற எண்ணம் அப்படி மாறுவதில்லை. அந்தப் பிள்ளை பாடசாலை தொடங்க வேண்டிய வயதில் பதுங்கு குழிகளிலும் தெருக்களிலும் இருந்தவள். ஏழு வயதிலேதான் முதலாம் ஆண்டுப் புத்தகத்தைத் தொட்டவள். எழுத்து வரவில்லை, கணக்கு வரவில்லை என்று ஏற்கெனவே கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள். அந்த வரிசையில் கிற்றாரையும் சேர்த்துவிட்டோமே என்று மனம் வருந்தினோம். பிழை அவளுடையதல்ல, பழக்கிய முறையிலேயே இருந்தது.

பிழை எங்கே?

அமைதியாக இருந்து யோசித்தபோது பிழை விளங்கியது. முழு அளவுக் கிற்றாரின் தந்தி சுமார் 65 சென்ரிமீற்றர் நீளமானது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோல் கிற்றாரின் கழுத்தில் பதித்திருக்கும் குறுக்குக் கம்பிகளை 'பிரெற்' என்பர். முதலாவது பிரெற்றின் இடைவெளி மட்டும் சுமார் 36 மில்லிமீற்றர். மூன்று பிரெற் தூரத்தை எட்டுவதென்றால் பெரியவர்களே முதலில் சிரமப்படுவார்கள். ஏழு வயதுக் கைக்கு அது பெரும் பாய்ச்சல்.

மேலும், உருக்குத் தந்திகளின் மொத்த இழுவிசை நைலோன் தந்திகளின் இழுவிசையைவிட ஏறக்குறைய இருமடங்கு. மெல்லிய உருக்குக் கம்பி இளம் தோலை வெட்டுவதுபோல் நோகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இன்னொன்று. பிள்ளையைக் கிற்றாருக்கு ஏற்றவளாக்க முயன்றோமே தவிர, கிற்றாரைப் பிள்ளைக்கு ஏற்றதாக்க நாம் நினைக்கவில்லை. நாற்றை எந்த உழவரும் ஆழ நீரில் நடுவதில்லை. நாற்றின் உயரத்தைப் பார்த்தே வயலில் நீர் கட்டுகிறோம். வயலில் அறிந்திருந்த இந்த முறையை நாம் வாத்தியத்தில் மறந்துவிட்டோம்.

யப்பானிய ஆசிரியர் ஒருவர்

இவ்விடத்தில் சினிச்சி சுசூக்கி என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1898இல் யப்பானின் நகோயா நகரில் பிறந்தவர். தந்தை வயலின் தொழிற்சாலை நடத்தியவர். இரண்டாம் உலகப் போரின்போது அத்தொழிற்சாலை கடல் விமானங்களுக்கு மிதவை செய்யும் இடமாக மாற்றப்பட்டது. சுசூக்கி மரம் தேடி மலைப்பிரதேசத்துக்குப் போனார். அங்கே உணவுப் பஞ்சத்தையும் அனுபவித்தார். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், மற்சுமொற்றோ என்னும் ஊரில் சிறு பிள்ளைகளுக்கு வயலின் பழக்கும் பாடசாலை தொடங்கப்பட்டது. அதில் சுசூக்கி ஆசிரியரானார். தோற்று, எரிந்து, பசித்திருந்த ஒரு நாட்டில் அவர் அந்த வேலையைத் தொடங்கினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவரது கேள்வி எளியது. யப்பானியப் பிள்ளைகள் எல்லாரும் கடினமான யப்பானிய மொழியைப் பேசுகிறார்கள். எவரும் "இந்தப் பிள்ளைக்குப் பேசும் திறமை இல்லை" என்று நிறுத்துவதில்லை. அப்படியாயின் இசையையும் அதே வழியில் பழக்கினால் என்ன? தாய்மொழியைப் பிள்ளை எப்படிக் கற்கிறது? முதலில் கேட்கிறது. பின்பு ஒரு சொல் சொல்கிறது. அந்த ஒரு சொல்லுக்கே வீடு முழுவதும் மகிழ்கிறது. அதே சொல்லை ஆயிரம் தரம் சொல்லிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகிறது. எழுத்து வாசிப்பது பிறகுதான். இவ்வளவுக்கும் தாய் பக்கத்தில் இருக்கிறார்.

இதுவே சுசூக்கியின் முறை. பிள்ளைக்குத் தொடங்குமுன் தாய் அல்லது தந்தை சிறிது பழக வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். பெற்றோர் வாத்தியக் கலைஞராக வேண்டும் என்பதல்ல இதன் பொருள். வீட்டில் அம்மா வாசிப்பதைப் பார்த்தால் பிள்ளைக்குத் தானாக ஆசை வரும், வீட்டுப் பயிற்சிக்கும் ஒரு துணை கிடைக்கும் என்பதே. சுசூக்கி 1998இல் காலமானார். வயலினுக்காகத் தோன்றிய இம்முறை பின்னர் கிற்றார் உட்படப் பல வாத்தியங்களுக்கும் பரவியது.

பெரிய கிற்றாரைச் சிறிதாக்குதல்

சிறுவருக்கெனக் கால், அரை, முக்கால் என்ற அளவுகளில் கிற்றார்கள் உண்டு. ஐந்து ஆறு வயதுக்குக் கால் அளவும், ஆறு முதல் எட்டு வரை அரை அளவும், ஒன்பது பத்து வயதில் முக்கால் அளவும் பொதுவாகப் பொருந்தும். கால் அளவுக் கிற்றாரின் தந்தி சுமார் 48 சென்ரிமீற்றர் நீளமானது. வசதியுள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் எம்மிடம் இருந்தது ஒரு பெரிய கிற்றார் மாத்திரமே.

நாம் செய்தது இதுதான். உருக்குத் தந்திகள் ஆறையும் கழற்றினோம். மெல்லிய நைலோன் தந்திகள் மூன்றை மட்டும் கட்டினோம். உருக்குக் கிற்றாரில் நைலோன் கட்டினால் ஒலி சிறிது குறையும், கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் நைலோனுக்கெனச் செய்த கிற்றாரில் ஒருபோதும் உருக்குத் தந்தி கட்டக்கூடாது. இழுவிசை தாங்காமல் தந்தி கட்டும் கட்டை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இதைப் பெற்றோர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

அடுத்து, ஐந்தாவது பிரெற்றுக்குச் சற்றுப் பின்னால் தந்திகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வைத்தோம். அதன் இரு நுனிகளையும் கழுத்தின் பின்புறமாகச் சுற்றி, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ரப்பர் பட்டியால் இறுகக் கட்டினோம். கடைகளில் 'கேப்போ' என்று விற்கப்படும் பொருளின் வேலையை இதுவே செய்யும். கட்டிய பின் ஒலிக்கும் தந்தியின் நீளம் 65இலிருந்து 48.7 சென்ரிமீற்றராகிவிடுகிறது. அதாவது, தந்தியைப் பொறுத்தவரை எமது பெரிய கிற்றார் கால் அளவுக் கிற்றாராகிவிட்டது. பென்சிலை அடுத்து வரும் இடைவெளி சுமார் 27 மில்லிமீற்றர். கை நீட்டவேண்டிய தூரமும் குறைகிறது. சுருதி உயர்ந்து பிள்ளையின் குரலுக்கும் ஒத்துவருகிறது.

அந்த ரப்பர் பட்டியை வெட்டித் தந்தவர் பிள்ளையின் தந்தை. முதலில் அவருக்கு இதில் விருப்பம் இருக்கவில்லை. "சோத்துக்கே வழியைக் காணேல்லை, கிற்றாரோ பாதர்?" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. கிற்றார் சோறு போடாது என்று நாமும் நேராகவே பதில் சொன்னோம். நிவாரண அரிசிக்கு அது ஈடாகாது, வயலுக்கும் ஈடாகாது. ஆனால் வயல் திறக்கும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்கப் போவதில்லையே என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பழைய ரியூப்பொன்றைக் கொண்டுவந்து, கத்தியால் அளவு பார்த்து வெட்டினார். முதற் பட்டி வழுக்கியது. இரண்டாவதை அகலமாக வெட்டி, நுனியில் துளையிட்டுப் பென்சிலில் கொழுவினார். அது வழுக்கவில்லை.

ஒரு விரல், பத்து நிமிடம்

பிள்ளையைத் திரும்ப அழைத்தோம். இம்முறை சட்டம் ஒன்று போட்டோம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் இரண்டு தரம். அதற்கு மேல் அவள் கேட்டாலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணிநேரம் வாசிப்பதைவிட நாளாந்தம் பத்து நிமிடம் வாசிப்பது பலன் தரும். இளம் கன்றுக்குத் தினமும் ஒரு செம்பு தண்ணீர் விடுவது போலத்தான் இதுவும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்காக ஒழுங்கைத் தருகிறோம்.

முதலாவது, இருக்கை. பிள்ளை பலகைக்கட்டையில் நிமிர்ந்து இருக்கட்டும். இடது காலின் கீழ் ஒரு கல்லை வைத்து அக்காலைச் சற்று உயர்த்தினால் கிற்றார் வழுக்காது.

இரண்டாவது, தாளம். முதல் ஒரு கிழமைக்கு இடது கைக்கு வேலையே இல்லை. வலது பெருவிரலால் ஒரு தந்தியை மட்டும் தட்டட்டும். தாளத்தை எண்ணிக் காட்டாமல் சொல்லாகச் சொல்லிக் கொடுங்கள். 'தேங்காய்' என்றால் இரண்டு தட்டு. 'மிளகாய்' என்றால் மூன்று. 'கத்தரிக்காய்' என்றால் நான்கு. தோட்டத்தில் உள்ளதெல்லாம் தாளமாகும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பழகுவார்கள்.

மூன்றாவது, ஒரு விரல். இடது சுட்டுவிரலின் நுனியால், முதலாம் பிரெற் கம்பியை ஒட்டி அதன் பின்புறத்தில் அழுத்த வேண்டும். கம்பியின் மேலே அழுத்தினால் ஒலி மங்கும், தள்ளி அழுத்தினால் அதிக பலம் வேண்டும். (பென்சில் கட்டியிருந்தால் பென்சிலுக்கு அடுத்த பிரெற்றே முதலாவது.) இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

நான்காவது, இரண்டு கோட். மெல்லிய தந்தியை முதலாவது எனக் கொள்வோம். இரண்டாம் தந்தியின் முதலாம் பிரெற்றில் சுட்டுவிரலை வைத்து மூன்று தந்திகளையும் மேலிருந்து கீழாக வருடினால் அதுவே சிறிய 'சி' கோட். அதே விரலை அதே பிரெற்றில் முதலாம் தந்திக்கு நகர்த்தி வருடினால் 'ஜி செவன்' கோட். ஒரே விரலின் ஒரு சிறு நகர்வுதான். இந்த இரண்டோடு பாடக்கூடிய சிறுவர் பாடல்கள் பல உண்டு. முதல் நாளில் நாம் அவளிடம் மூன்று விரல்களைக் கேட்டோம். ஒரு விரலே போதும் என்பது அப்போது எமக்குத் தெரியாமற் போயிற்று.

ஐந்தாவது, நோ. விரல் நுனி சிறிது கூசும். சில கிழமைகளில் தோல் உரம் பெறும். மண்வெட்டி பிடித்த கை காய்ப்பதை அறிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நோகும்போது நிறுத்திவிட வேண்டும். நோவைத் தாங்கிப் பழகு என்று சிறு பிள்ளையிடம் சொல்லக்கூடாது. 12ஆம் பிரெற்றின் மேல் தந்தி 4 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்து நின்றால் அந்தக் கிற்றார் பிள்ளைக்குக் கடினம். தெரிந்தவரிடம் கொடுத்துத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

ஆறாவது, சுருதி. புதிய நைலோன் தந்தி சில நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டேயிருக்கும். ஆகையால் ஒவ்வொரு முறையும் சுருதி சேர்க்க வேண்டும். பென்சிலைக் கழற்றிவிட்டு, மூன்றாம் தந்தியை 4ஆம் பிரெற்றில் அழுத்தினால் வரும் ஒலிக்கு இரண்டாம் தந்தியைச் சேர்க்கவும். இரண்டாம் தந்தியை 5ஆம் பிரெற்றில் அழுத்தினால் வரும் ஒலிக்கு முதலாம் தந்தியைச் சேர்க்கவும். இன்று கைத்தொலைபேசியிலேயே சுருதி பார்க்கும் வசதி உண்டு. சுருதி பிசகிய கிற்றாரில் பழகும் பிள்ளை தன் காதில்தான் குறை என்று நினைத்துவிடும். ஆகவே இது பெரியவரின் கடமை.

ஏழாவது, பாதுகாப்பு. தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பத்தில் கிற்றாரின் பசை இளகிவிடும். மழை ஈரத்தில் பலகை ஊதும். கழுவிக் காயவைத்த உரப்பையில் போட்டு, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்

இவை யாவற்றிலும் முக்கியமானது எது என்று கேட்டால், பத்து நிமிடமும் பக்கத்தில் ஒருவர் இருப்பது என்போம். அந்தப் பிள்ளையின் தாய்க்கு இசை தெரியாது. "எனக்கு என்ன தெரியும் பாதர்?" என்று பின்னடித்தார். ஒரு கோட்டை அவருக்கு முதலில் பழக்கினோம். அவருடைய விரலும் தடுமாறியது. அதைக் கண்டு மகள் சிரித்தாள். "அப்பிடியில்லை அம்மா, கம்பிக்குக் கிட்ட வையுங்கோ" என்று திருத்தினாள். "எனக்கு வராது" என்று சொன்னவள் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய நாள் அதுதான்.

அதன்பின் மாலையில் விளக்கேற்று முன் தாயும் மகளும் பாயில் இருப்பார்கள். தாய் செய்த வேலை அதிகமில்லை. பிள்ளை வாசிப்பதைக் கேட்டார். நன்றாக வந்த ஓரிடத்தைச் சொன்னார். திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் சொன்னார். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தினார். வரிசைகளிலும் பதிவுகளிலும் விசாரிப்புகளிலும் பெற்றோரின் நாள் முழுவதும் போய்விட்ட காலத்தில், அந்தப் பத்து நிமிடமும் அவளுக்கே உரியதாக இருந்தது.

இடக்கைப் பிள்ளை

பிள்ளை இடக்கையாக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1893இல் பிறந்த கறுப்பின ஏழைப் பெண் எலிசபெத் கொட்டன் இடக்கைக்காரி. தமையன் வேலைக்குப் போன நேரத்தில் அவரது பான்ஜோவை ஒளித்தெடுத்துப் பழகினார். தந்திகளை மாற்றிக் கட்ட வழியில்லாததால் வாத்தியத்தையே தலைகீழாகப் பிடித்தார். சிறுமியாக இருக்கும்போதே வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தில், 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு கிற்றார் வாங்கினார். அதையும் தலைகீழாகவே வாசித்தார். அடித்தந்திகளை விரல்களாலும் மேற்தந்திகளைப் பெருவிரலாலும் மீட்டும் அந்த முறை பின்னாளில் அவரது பெயராலேயே வழங்கலாயிற்று.

அவரது வாழ்வில் எம்மைப் போன்றோர் வெட்கப்பட வேண்டிய ஒரு பகுதியும் உண்டு. அவரது கோவிலைச் சேர்ந்தவர்கள் அவை உலகப் பாட்டுக்கள் என்று குறை சொன்னார்கள். அவர் கிற்றாரைக் கைவிட்டார். பல பத்தாண்டுகளின் பின், வீட்டுவேலை செய்த ஒரு இசைக் குடும்பத்தின் சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்தபோதுதான் அந்தக் கை மறக்கவில்லை என்பது தெரிந்தது. 1958இல் அவரது முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. 1985இல், 90 வயது கடந்தபின், கிராமி விருது பெற்றார். 1987இல் காலமானார். சிறுவயதில் பழகியது அழியவில்லை. ஆனால் இழந்த ஆண்டுகளை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பூசைப்பாட்டோ, சினிமாப் பாட்டோ, பைலாவோ, பிள்ளை தான் விரும்பிய பாட்டைத் தொடங்கட்டும். தடுப்பவர்களாக நாம் இருக்க வேண்டாம்.

இடக்கைப் பிள்ளைக்குத் தந்திகளை எதிர் வரிசையில் கட்டியும் பழக்கலாம், வலக்கைப் பிள்ளையைப் போலவே பழக்கியும் பார்க்கலாம். எது இலகு என்று பிள்ளையே காட்டும். கையை மாற்றும்படி அதட்ட வேண்டாம்.

இன்று

அந்தப் பிள்ளை இன்று வளர்ந்த பெண். இசைக் கலைஞர் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் இல்லை. அண்மையில் அவ்வூருக்குப் போனபோது, திண்ணையில் அயல்வீட்டுச் சிறுவன் ஒருவனுக்குப் பக்கத்தில் அவள் இருப்பதைக் கண்டோம். அதே பழைய கிற்றார்தான். பென்சிலும் ரப்பர் பட்டியும் போய், கடையில் வாங்கிய கேப்போ வந்திருந்தது. சிறுவன் விரலை உதறிக்கொண்டு "நோகுது அக்கா" என்றான். "அப்ப வை. நாளைக்கு வாசிப்பம்" என்று அவள் கிற்றாரை வாங்கி வைத்தாள்.

அன்பான பெற்றோரே, சொந்தக் காணிக்கு இன்னும் போக முடியாத குடும்பங்கள் உங்களுள் உண்டு. காணியும் வீடும் வருவது எப்போதும் எமது கையில் இல்லை. மாலையில் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் இருப்பது எமது கையில் இருக்கிறது. ஊரில், பாடசாலையில், கோவிலில் தூசு பிடித்துக் கிடக்கும் ஒரு கிற்றார் இருக்குமானால் கேட்டு வாங்குங்கள். மூன்று தந்திகளைக் கட்டுங்கள். முதலில் நீங்கள் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். பிழையாக வந்தால் பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டும். அதற்குப் பிறகு பிள்ளையும் தானாக விரலை வைத்துப் பார்க்கும்.